சக்கரத்தில் வனைந்த வட்டத்தை நீள்வட்டப் பாத்திரமாக்குவது எப்படி?

சக்கரத்தில் எதை வனைந்தாலும் வட்டமாகத்தானே வரும், மீன் வைத்துப் பரிமாறும் அந்த நீள்வட்டப் பாத்திரங்களை எப்படிச் செய்கிறார்கள், அச்சு வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சு வேண்டாம். வட்டமாகவே வனைந்து, ஈரம் இருக்கும்போதே உருவத்தை மாற்றுகிறோம். ஆனால் இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமுக்கினால் சுவர் வளைந்து கொடுக்கும், தரை கொடுக்காது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் ஏன் என்று தெரிந்துவிடும். 24 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 75 செ.மீ. அதையே 30 செ.மீ. நீளமும் 17 செ.மீ. அகலமுமாக அமுக்கினாலும் சுற்றளவு மாறாது, ஆகவே சுவருக்குப் பிரச்சினையே இல்லை. தரையின் பரப்பு மட்டும் 452 சதுர செ.மீ.யிலிருந்து 400 பக்கம் இறங்கிவிடுகிறது. ஏழுக்கு ஏழு செ.மீ. அளவு மண் போக இடமில்லாமல் நடுவில் மேடாகப் புடைக்கும். கட்டைவிரலால் அழுத்தி மட்டமாக்கலாம், அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், காயும்போது அதே இடம் மறுபடி எழும்பும், இல்லையென்றால் வெடிக்கும்.

அதனால்தான் தரையில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறோம். மாவிலை போல, நடுவில் அகலமாகவும் இரு முனையிலும் கூராகவும். நீளவாக்கில் அந்த இலையை எடுத்துவிட்டு, இரு பக்கச் சுவரையும் உள்ளங்கைகளால் மெதுவாக உள்ளே தள்ளினால் வெட்டிய ஓரங்கள் ஒன்றையொன்று தொடும். இலையின் நடு அகலம் 4 செ.மீ. என்றால் அந்த 24 செ.மீ. வட்டம் ஏறக்குறைய 20க்கு 28 ஆகும். இதைவிட ஒடுக்கமாக வேண்டுமென்று இலையை இன்னும் அகலமாக வெட்டுவதை நான் விரும்புவதில்லை, முனைகளில் மண் இழுபட்டுக் கிழியும்.

வெட்டும்போது கத்தியை நேராகப் பிடிக்காமல் 45 பாகை சாய்த்துப் பிடியுங்கள், இரண்டு ஓரத்திலும் சாய்வு ஒரே பக்கமாக இருக்கட்டும். அப்போதுதான் ஒரு ஓரம் மற்றதன் மேல் படியும், ஒட்டும் இடமும் அதிகம் கிடைக்கும். இரண்டு ஓரத்தையும் முள்ளால் நன்றாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த கூழைத் தடவி, தள்ளி ஒட்டவைத்த பிறகு தையலை மரக்கட்டையால் உள்ளேயிருந்து தேய்த்து அழுத்த வேண்டும். ஒரு தடவை இல்லை, நீளவாக்கில், குறுக்குவாக்கில், சத்தம் மாறும்வரை. கொஞ்சம் இறுகியதும் கவிழ்த்து அடியிலும் அதே வேலை. நான் தொடங்கிய புதிதில் ஒரு வீட்டுக்காக ஆறு பாத்திரம் செய்து, அடியில் தேய்க்காமல் விட்டு, முதல் சூட்டிலேயே நான்கு பாத்திரங்களில் தையல் நெடுகப் பிளந்துபோனது. இரண்டு வார வேலை. இப்போதும் கவிழ்த்துத் தேய்க்கும்போது அந்த நான்கும் ஞாபகத்துக்கு வரும்.

எந்தப் பதத்தில் செய்வது என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், இருந்தாலும் முயல்கிறேன். வனைந்த உடனே தொட்டால் சுவர் சரிந்துவிடும். தோல் பதம், அதாவது தோல் போல விறைத்த நிலை, வந்து இறுகிவிட்டால் வளைக்கும்போது விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழும். இரண்டுக்கும் நடுவே, விரல் வைத்தால் ஒட்டாது, ஆனால் அழுத்தினால் குழி விழும், அந்த நேரம்தான். புதுச்சேரிப் பக்கம் கத்திரி வெயிலில் அது மதியத்துக்குள் வந்து போய்விடும், ஐப்பசி மழையில் மறுநாளும் வராது. மணி பார்த்துச் செய்ய முடியாது.

இன்னும் நீளமான, ஒடுக்கமான பாத்திரம் வேண்டுமானால் தரையே இல்லாமல் வளையமாக வனையுங்கள். நடுவைத் திறக்கும்போது சக்கரத்தின் மேலுள்ள பலகை தெரியும்வரை திறந்து, சுவரை மட்டும் எழுப்பி, கீழ் ஓரத்தைக் கொஞ்சம் தடிப்பாக விட்டு, நூலால் அறுத்து நீள்வட்டமாக வளைத்துக்கொண்டு, தனியாக உருட்டிய மண் தகட்டின் மேல் வைத்து ஒட்டுவது. தகடும் வளையமும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கண்டிப்பு. உள்மூலையில் மெல்லிய மண் திரி ஒன்று வைத்து அமுக்கிவிடுங்கள். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். 30க்கு 17 எல்லாம் இதில் சுலபம், நடுத்தரையில் தையலே கிடையாது.

எந்த முறையானாலும் சுவரைச் செங்குத்தாக வனையுங்கள். கிண்ணம் போல விரிந்த சுவரை அமுக்கினால் நீளப் பக்கங்களில் விளிம்பு நிமிர்ந்து உயரும், முனைகளில் வெளியே சாய்ந்து தாழும், குழம்பு ஊற்றினால் முனை வழியாக வழியும். அப்புறம், மண் தான் பிறந்த வட்டத்துக்கே திரும்பப் பார்க்கும், அதனால் வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமாகவே தள்ளி விடுங்கள். அடியில் கால், அதாவது பாத்திரம் நிற்கும் வளையம், செதுக்க வேண்டுமென்றால் வளைப்பதற்கு முன்பே செதுக்க வேண்டும், நீள்வட்டத்தைச் சக்கரத்தில் வைத்துச் செதுக்க முடியாது.

இது ஏதோ புதுப் பட்டறைகளின் வித்தை என்று நினைக்க வேண்டாம். 1971-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு உயர்சூட்டுப் பாத்திரம் செய்கிறவர்கள் இந்தப் பக்கம் பெருகினார்கள், உண்மைதான். ஆனால் நம் ஊர் வேளார் வனையும் பானையும் சக்கரத்தோடு முடிவதில்லை. தடித்த அடியோடு அறுத்தெடுத்து, கொஞ்சம் உலரவிட்டு, உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த உருண்டை அடி வருகிறது. சக்கரம் பாதி, தட்டு பாதி. நாம் தட்டுவதற்குப் பதிலாகத் தள்ளுகிறோம்.

காய வைக்கும்போது அடியில் செய்தித்தாள் போடுங்கள், பாத்திரம் சுருங்கும்போது தாளோடு நகரும். விளிம்பைப் பிளாஸ்டிக்கால் மூடி, குறைந்தது ஒரு வாரம். என் மண் சூளை முடிந்து வரும்போது 12 சதவீதம் சுருங்கும், 30 செ.மீ. பாத்திரம் 26-க்கு வந்து நிற்கும், மீனின் நீளத்தை அளந்துவிட்டு வனையுங்கள். உங்கள் மண் எவ்வளவு சுருங்கும் என்று ஒரு பட்டை செய்து, அளந்து, சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் பாத்திரத்தைச் சூளைக்கு அனுப்பாதீர்கள். ஒட்டி முடித்த மறுநாள், தையலுக்குக் குறுக்காக நூலால் அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் மெல்லிய கோடோ காற்றுப் பொட்டோ தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். எங்கே ஒட்டினோம் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், அடுத்ததைச் சுடலாம்.