கொழுந்து மஞ்சளா, அடியிலை மஞ்சளா? – மாடித்தோட்டக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: புதுத்துளிர் மஞ்சளாக வருகிறது. மழை முடிந்து வெயில் ஏறும் சமயத்தில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இது வழக்கமாக வருவதுதான். ஆனால் கடிதங்களில் பாதி எனக்குப் பயன்படவில்லை. செடியின் பெயர் இல்லை. மஞ்சள் உச்சியிலா அடியிலா என்று இல்லை. என்ன தண்ணீர் என்று இல்லை. இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதில்லை என்று பல முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: தொட்டியில் இருக்கும் குண்டுமல்லி. புது இலைகள் எலுமிச்சை மஞ்சளாக வருகின்றன; நரம்பு மட்டும் பச்சை. அடியிலைகள் நன்றாக இருக்கின்றன. போர் தண்ணீர் ஊற்றுகிறேன். (மஞ்சக்குப்பம் வாசகி)

பதில்: கடிதம் என்றால் இப்படி எழுத வேண்டும். இது இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் சேர்ந்த இரும்பைச் செடியால் எடுத்துத் துளிருக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் அடியிலை செழிப்பாக இருக்க, கொழுந்து வெளிறுகிறது. மண்ணில் இரும்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், நிறைய இருக்கும். மண்ணின் கார நிலை ஏறிவிட்டால் வேரால் அதை இழுக்க முடியாது. கார அமில நிலை (pH) ஒரு புள்ளி ஏறினால், கரைந்து கிடைக்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறையும். உங்கள் போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் என்ற உப்பு நாள்தோறும் மண்ணின் காரத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

உடனடி வழி, அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் (ஃபெரஸ் சல்பேட்). லிட்டருக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. கூடவே ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு சோப்புத் திரவம். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. மல்லிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவும் இந்த 5 கிராம்தான். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். தொட்டிக்கு அடியில் பழைய சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். அன்னபேதி நீர் தரை ஓட்டில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது, பிறகு வீட்டில் எனக்குத்தான் திட்டு விழும். நிரந்தர வழி, மழைநீரைச் சேமித்து ஊற்றுவது.

கேள்வி: அன்னபேதி தெளித்து ஒரு வாரம் ஆகிறது. மஞ்சள் இலை பச்சையாகவில்லை. மருந்து போலியா? (முத்தியால்பேட்டை)

பதில்: மிகவும் வெளுத்துப்போன இலை முழுதாகத் திரும்பாது. தெளித்த பிறகு வரும் துளிர் என்ன நிறம் என்று பாருங்கள். அதுதான் கணக்கு.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரிலேயே இரும்பு அதிகம். வாளியெல்லாம் செங்காவி படிகிறது. அப்படியிருக்க இரும்புக் குறை எப்படி வரும்? துருப்பிடித்த ஆணிகளையும் தொட்டியில் புதைத்திருக்கிறேன். (வில்லியனூர்)

பதில்: நல்ல கேள்வி, முதல் பாதி மட்டும். குழாயிலிருந்து தெளிவாக வரும் தண்ணீர் சற்று நேரத்தில் செந்நிறமாக மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகித் திரிந்து படிந்துவிடுகிறது. அந்தத் துரு கார மண்ணில் செடிக்குப் பயன்படாது. ஆணியில் இருப்பதும் அதே துருதான். ஆணிகளைத் தோண்டி எடுத்துவிடுங்கள், மண் மாற்றும்போது கையைக் கிழிக்கும். கடையில் வாங்கும் அன்னபேதிக்கும் இதே விதி: இளம்பச்சைப் பளிங்காக இருந்தால் வாங்குங்கள், பழுப்புத் தூளாகிவிட்டிருந்தால் அது பழைய சரக்கு.

கேள்வி: செடி மஞ்சளாகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம். (கடலூர்)

பதில்: என்ன செடி? அவசரத்தில் அதை எழுத மறந்துவிட்டீர்கள்.

கேள்வி: வளர்ப்புப் பையில் எலுமிச்சை. துளிர் மஞ்சளாக, சிறுத்து வருகிறது. காணொளியில் சொன்னபடி வாரம் ஒரு முறை இரண்டு கரண்டி எப்சம் உப்பு போடுகிறேன். மூன்று மாதமாக முன்னேற்றம் இல்லை. அளவைக் கூட்டட்டுமா? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: கூட்டாதீர்கள். முதலில் அந்தப் பொட்டலத்தை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இந்த எப்சம் உப்பைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. ரோஜா பூக்கவில்லையா, எப்சம் உப்பு. தக்காளி காய்க்கவில்லையா, எப்சம் உப்பு. வாழைக்கும் அது, வெற்றிலைக்கும் அது. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் இலைப்பச்சையத்தின் நடுவில் இருக்கிறது என்பது உண்மை. அதனால் மஞ்சள் என்றாலே மக்னீசியம் என்று யாரோ முடிவுகட்டி, அதை ஊரே பிடித்துக்கொண்டது. ஆனால் மக்னீசியம் செடிக்குள் இடம்பெயரும் சத்து. பற்றாக்குறை வந்தால் செடி அடியிலையிலிருந்து உருவித் துளிருக்குக் கொடுக்கும். ஆகவே மஞ்சள் முதலில் அடியிலையில்தான் தெரியும். உங்களுக்கு மஞ்சள் எங்கே? துளிரில். அப்படியானால் மக்னீசியத்துக்கும் உங்கள் எலுமிச்சைக்கும் என்ன வழக்கு?

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரைக் கடினத் தண்ணீர் என்கிறோம். சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகுவதில்லை. அந்தக் கடினத்தன்மையே கால்சியமும் மக்னீசியமும்தான். நாள்தோறும் இலவசமாக மக்னீசியம் ஊற்றிக்கொண்டே, காசு கொடுத்து மேலும் வாங்கிப் போடுகிறீர்கள். மிஞ்சிய மக்னீசியம் சும்மா இருக்காது. கால்சியமும் பொட்டாசியமும் வேருக்குள் போகும் வழியில் போட்டிக்கு நிற்கும். பையில் உப்பு ஏறும். மண்ணின் காரத்தைக் குறைக்கும் என்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். குறைக்காது, அது நடுநிலை உப்பு. எப்சம் உப்பு ஒருபோதும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடியிலையில் நரம்பு பச்சையாக இருக்க, ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறினால், மழைநீர் மட்டும் ஊற்றுகிறவராகவும் இருந்தால், தாராளமாகத் தெளியுங்கள். அப்படிப்பட்ட கடிதம் எனக்கு ஆண்டுக்கு ஒன்று வந்தால் அதிசயம்.

உங்கள் எலுமிச்சைக்கு வருவோம். இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக வெளிறி, துளிர்கள் நெருங்கிக் கொத்தாக நின்றால் துத்தநாகக் குறை. எலுமிச்சைக் குடும்பத்துக்கு இது அடிக்கடி வருவதே. பையில் வடிநீர் தெளிவாகும்வரை இரண்டு முறை தண்ணீர் விட்டு உப்பை வெளியேற்றுங்கள். பிறகு துத்தநாக சல்பேட் 5 கிராம், ஒரு லிட்டர் நீரில், இலையைப் பொசுக்காதிருக்கப் பாதியளவு நீர்த்த சுண்ணாம்பும் சேர்த்து, துளிர் விரியும் பருவத்தில் தெளியுங்கள். பையின் வடிகால் ஓட்டையையும் பாருங்கள்.

கேள்வி: ரோஜாவுக்கு எலும்புத்தூள் நிறையப் போட்டேன். இப்போது துளிர் வெளிறுகிறது. (நெல்லிக்குப்பம்)

பதில்: எலும்புத்தூளில் இருப்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்). அது மிஞ்சினால் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓர் ஆண்டுக்கு எலும்புத்தூள், மணிச்சத்து உரமான டி.ஏ.பி. இரண்டையும் மறந்துவிடுங்கள்.

கேள்வி: சிமெண்ட் தொட்டியில் இட்லிப்பூ. வாங்கியபோது கரும்பச்சை, ஆறு மாதத்தில் உச்சியெல்லாம் மஞ்சள். அன்னபேதி தெளித்தால் தெளிகிறது, திரும்பவும் வந்துவிடுகிறது. (லாஸ்பேட்டை)

பதில்: இட்லிப்பூ அமில மண் கேட்கும் செடி. சிமெண்ட் தொட்டியின் சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணும் மக்கிய இலைக்குப்பையும் கலந்து மண் தொட்டிக்கு மாற்றுங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய மணலையும் செங்கல் தூளையும் கலக்க வேண்டாம், அதில் சிமெண்ட் இருக்கும். மாற்ற முடியாது என்றால் இரும்புச் செலேட், அதாவது மண்ணில் துருவாகிப் படியாதபடி கட்டி வைத்த இரும்பு, வேரில் இடலாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிற்காது. கருஞ்சிவப்பாக இருக்கும் இ.டி.டி.எச்.ஏ. வகையைக் கேளுங்கள். விலை பல மடங்கு. தொட்டி மாற்றுவது மலிவு.

கேள்வி: கறிவேப்பிலைக் கொழுந்து இளமஞ்சளாக வருகிறது. மோர் ஊற்றலாமா? (பாகூர்)

பதில்: கொழுந்து அப்படித்தான் வரும். பத்து நாள் பொறுங்கள். மோரை நீங்கள் குடியுங்கள்.

கேள்வி: வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சள், நடுவில் பச்சை. அன்னபேதி எவ்வளவு? (குறிஞ்சிப்பாடி)

பதில்: ஒரு துளியும் வேண்டாம். நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் என்றால் சத்துக்குறை. நரம்பே மஞ்சள் என்றால் வெண்டையில் அது நரம்புத் தேமல், வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மற்ற செடிகளில் மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். அடுத்த முறை தேமலைத் தாங்கும் ரக விதை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பெரிய மழைக்குப் பிறகு மாடியில் எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் வெளிறிவிட்டது. உரம் வைத்தேன், இன்னும் மோசம். (ரெட்டியார்பாளையம்)

பதில்: 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டியபோதும் இதே கடிதம்தான் குவிந்தது. நீரில் ஊறிய வேருக்குக் காற்று இல்லை. காற்றில்லாத வேர் எதையும் இழுக்காது. அதன்மேல் உரம் வைத்தால் வேர் கருகும். ஒரு செடியைத் தொட்டியோடு கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாக, விரலால் இழுத்தால் தோல் மட்டும் கழன்று வந்து நடுவில் நூல் மிஞ்சினால் அழுகல். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். வடிகால் ஓட்டையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். தொட்டிகளைத் தரையில் ஒட்ட வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். புதுத்துளிர் வந்த பிறகு உரம்.

கேள்வி: கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. இலை நுனி கருகி, துளிரும் வெளிறுகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவியின் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறேன். (தேவனாம்பட்டினம்)

பதில்: விடாதீர்கள். உப்பை வடித்துக் குவித்துத் தரும் நீர் அது. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர் நல்லது, அதைப் பிடியுங்கள். விளிம்பில் உள்ள வெள்ளைப் படிவைச் சுரண்டி எறிந்துவிட்டு, மழைநீரால் தொட்டியை அலசுங்கள். கருகல் கடல் பார்த்த பக்கம் மட்டும் என்றால் அது உப்புக்காற்று. அந்தப் பக்கம் பூவரசு, காகிதப்பூ போன்றவற்றை வைத்து மறையுங்கள்.

கேள்வி: பெயர் வெளியிட வேண்டாம். மாடியில் ஒரு 'மூலிகை' வளர்க்கிறேன். விரல் விரித்தாற்போல இலை, பல் பல்லாக விளிம்பு. புது இலை மஞ்சளாகிறது. (புதுச்சேரி)

பதில்: எந்த மூலிகை என்று எனக்கும் தெரிகிறது தம்பி, பக்கத்து மாடிக்காரருக்கும் தெரியும். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மாடித்தொட்டிக்கு விலக்கு கிடையாது. அதற்கு வைத்தியம் சொல்ல மாட்டேன். அந்தத் தொட்டியைக் காலி செய்துவிட்டுத் துளசி வையுங்கள். அதன் துளிர் மஞ்சளானால் எழுதுங்கள், பெயரோடு.

கேள்வி: மண் பரிசோதனை அவசியமா? வீட்டுத் தோட்டத்துக்குக்கூடவா? (பண்ருட்டி)

பதில்: பத்துத் தொட்டிக்கு வேண்டாம். கார அமில நிலை பார்க்கும் தாள் போதும். மண்ணோடு தண்ணீரையும் பாருங்கள். அரை ஏக்கர் என்றால் வேளாண் துறைப் பரிசோதனை நிலையத்துக்கு மண்ணும் நீரும் கொண்டுபோங்கள். மேல்மண்ணை மட்டும் அள்ளாமல், பல இடத்தில் அரை அடி ஆழத்துக்குத் தோண்டிக் கலந்து அரைக் கிலோ. உரப்பையில் கட்டிக் கொண்டுபோக வேண்டாம்.