மூடிய ஆலை நிலத்தில் வீடு கட்டுவது: கேள்வி பதில்

மூடிக் கிடக்கும் ஆலைகளின் நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்புவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் தோட்டமும் நீரோட்டமும் வரைகிற நிலவடிவமைப்பாளர். அதனாலோ என்னவோ, வந்தவற்றில் பாதி மொட்டைமாடித் தோட்டத்தைப் பற்றியவை. மண்ணைப் பற்றிக் கேட்டவர்கள் மூன்றே பேர். அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

கோவையிலிருந்து ஒரு கட்டுநர்: ஆறு ஏக்கர் நூற்பாலை நிலம் விலைக்கு வருகிறது. நூற்பாலைதானே, ரசாயனத் தொழிற்சாலை இல்லையே? வழக்கமான மண் பரிசோதனை போதும் அல்லவா மேடம்?

போதாது. உங்கள் பொறியாளர் செய்யும் மண் பரிசோதனை, அந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது. இரண்டும் வேறு வேறு சோதனைகள். இரண்டாவதைக் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.

நூற்பாலை என்றால் பஞ்சும் நூலும் மட்டும் அல்ல. கொதிகலன் இருந்திருக்கும், நிலக்கரிச் சாம்பலை எங்கேயோ கொட்டியிருப்பார்கள், அதில் ஆர்சனிக்கும் ஈயமும் இருக்கலாம். உலை எண்ணெய்த் தொட்டி மண்ணுக்குள் புதைந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஒழுகியிருக்கும். பட்டறையில் இயந்திர பாகங்களின் பிசுக்கை எடுக்கக் கரைப்பான்கள் பயன்படுத்தியிருப்பார்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். சாயமிடும் பிரிவும் இருந்திருந்தால் கதை இன்னும் நீளம்.

ஆகவே முதல் செலவு துளையிடும் இயந்திரத்துக்கு வேண்டாம். அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டரையோ கொதிகலன் பணியாளரையோ தேடிப் பிடியுங்கள். அவரோடு ஒரு காலைப்பொழுது நடந்தால் சாம்பல் மேடு எங்கே, கழிவுநீர் எந்த வாய்க்காலில் போயிற்று என்பதெல்லாம் வந்துவிடும். அதன்பிறகு அந்தந்த இடங்களில் மாதிரி எடுங்கள், பழைய கிணற்று நீரையும் சேர்த்து. நான் பார்த்த ஒரு மனையில் ஆய்வறிக்கை அப்பழுக்கில்லாமல் இருந்தது. விசாரித்தால், எல்லா மாதிரிகளையும் அலுவலகத்து முன்புறப் புல்வெளியில் எடுத்திருக்கிறார்கள்!

மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர்: எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் ‘சுத்தம்’?

வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த நிலத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. குழந்தை மண்ணில் விளையாடும் வீட்டுமனைக்கு ஓர் அளவு, லாரி நிறுத்துமிடத்துக்கு வேறோர் அளவு. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையை நினைத்துப் பாருங்கள். மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு வைத்தபோது, சோலைக்காட்டை ஒட்டிய இடத்துக்கு அது போதாது என்று செயற்பாட்டாளர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். சண்டை முழுவதும் அந்த ஒற்றை எண்ணைச் சுற்றித்தான் நடந்தது.

மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கு மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளே வெளியிட்டிருக்கிறது. வாங்குகிறவருக்காக நீங்கள் ஆஜரானால் விற்பனைப் பத்திரத்தோடு அதையும் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் நயாகரா அருகே லவ் கால்வாய் என்ற இடம் 1953இல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்கு விற்கப்பட்டது. ரசாயனக் கழிவைக் கொட்டி மூடிய பள்ளம் அது. பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். மலிவாக வரும் நிலத்தின் விலையைப் பிறகு வேறு யாராவது கட்டுவார்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு பொறியாளர்: சாயப்பட்டறை இருந்த மனை. மழைநீர் சேகரிப்புக்கு எத்தனை உறைகிணறுகள் தேவைப்படும்?

நிறுத்துங்கள். ஒன்றுகூட வேண்டாம், மண் சுத்தம் என்று தெரியும் வரை. மழைநீர் சேகரிப்பு 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமானதிலிருந்து, தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது எங்கும் நல்லது என்று பழகிவிட்டோம். மேல்மண்ணில் குரோமியமோ உப்போ தங்கியிருந்தால், நீங்கள் இறக்கும் ஒவ்வொரு குடம் நீரும் அதைக் கரைத்துக்கொண்டுபோய் நிலத்தடி நீரில் சேர்க்கும். பக்கத்துத் தெருக்காரரின் ஆழ்துளைக் கிணறுதான் முதலில் கெடும். கூரை நீரை மூடிய தொட்டியில் சேமித்துப் புழங்குங்கள். அதுவும் சேகரிப்புதான்.

ஊற விடுவதானால் மாசு மண்ணை அகற்றிய பகுதியில் மட்டும். இன்னொன்று: கரைப்பான்கள் புழங்கிய மனையில் அவை ஆவியாகித் தரைத்தள வீட்டுக்குள் ஏறும். நம் ஊர் ஸ்டில்ட் பார்க்கிங் இங்கே தற்செயலாக உதவுகிறது. நாலு பக்கமும் திறந்த அந்தத் தளத்தில் ஆவி தேங்காது. அதைச் சுவர் வைத்து அடைத்து உடற்பயிற்சிக் கூடம் ஆக்காதீர்கள்.

சென்னை, கட்டடக்கலை மாணவி: பழைய தொழிற்சாலை நிலத்தில் வீடு கட்டியதற்கு எல்லோரும் மால்மோவைச் சொல்கிறார்கள். அங்கே உண்மையில் என்ன நடந்தது?

படிக்கும் காலத்தில் அங்கே ஒரு குளிர்காலம் கழித்தேன், கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். ஸ்வீடன் நகரமான மால்மோவின் மேற்குத் துறைமுகம் கடலை மண்கொட்டித் தூர்த்து உண்டாக்கிய நிலம். கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளம் அங்கேதான் இருந்தது. கப்பல் தொழில் படுத்ததும் ஒரு சாப் கார் தொழிற்சாலை வந்தது. அதுவும் சில ஆண்டுகளில் போய்விட்டது. மிஞ்சியது எண்ணெய் ஊறிய மண்ணும் கடல் காற்றும். 2001இல் ‘போ01’ என்ற வீட்டுவசதிக் கண்காட்சியாக அதன் முதல் பகுதி திறந்தது.

காற்றை அவர்கள் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கடலோரம் உயரமான கட்டடங்களை மதில்போல நிறுத்தி, உள்ளே தாழ்ந்த வீடுகள். தெருக்களை வேண்டுமென்றே கோணலாக்கினார்கள். நேர்த்தெருவில் காற்று ஓடும், கோணல் தெருவில் தடுமாறும். மழைநீரைக் குழாய்க்குள் ஒளிக்காமல் திறந்த கால்வாய்களில் முற்றம் முற்றமாக ஓடவிட்டுக் கடலில் சேர்த்தார்கள்.

அதைவிட முக்கியம் ‘பசுமைக் காரணி’. பெர்லினில் முன்பே இருந்த கணக்கு அது. மனையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மதிப்பெண்: சிமெண்ட் தரைக்குச் சுழியம், பூமியோடு தொடர்புள்ள மண்ணில் வளரும் செடிக்கு 1. அடித்தள கூரைமேல் 80 சென்டிமீட்டருக்கு மேல் மண் போட்டு வளர்த்தால் பெர்லின் கணக்கில் 0.7. எல்லாவற்றையும் கூட்டி மனைப் பரப்பால் வகுத்தால் வருவது காரணி. 1,000 சதுர மீட்டர் மனையில் 300 சதுர மீட்டர் உண்மையான மண் இருந்தால் 0.3. அதன் அடியில் கார் நிறுத்தத் தோண்டிவிட்டால் 0.21. மால்மோவில் அப்போது 0.5 கேட்டார்கள். அது போக, 35 ‘பசுமைப் புள்ளிகள்’ கொண்ட பட்டியலிலிருந்து குறைந்தது பத்தைக் கட்டுநர் செய்தாக வேண்டியிருந்தது: வீட்டுக்கொரு பறவைக்கூடு, வௌவால் பெட்டி, தவளை குளிர்காலத்தைக் கழிக்க இடம், இப்படி.

நிலம் நகராட்சியின் கையில் இருந்ததால்தான் இந்த நிபந்தனைகளைப் போட முடிந்தது, மாணவியே. எல்லாம் வெற்றியும் இல்லை. ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 105 கிலோவாட் மணி என்ற மின்சார, வெப்ப இலக்குக்குள் பல கட்டடங்கள் அடங்கவில்லை. கடலைப் பார்க்க வைத்த பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வழியே வெப்பம் வெளியேறியதும் ஒரு காரணம். வீடுகளும் சாமானியருக்கு எட்டாத விலை.

ஆம்பூர் வாசகர்: குளம், கால்வாய் என்றால் கொசு வராதா?

தேங்கினால் வரும். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். மழைநீரை ஊறவிடும் தோட்டப் பள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிடும்படி அமையுங்கள். நிரந்தரக் குளத்தில் நம் ஊர்க் குளத்துச் சிறு மீன்களை விடுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் உங்கள் பால்கனிப் பூந்தொட்டித் தட்டில்தான் பிறக்கிறது.

பலர்: மொட்டைமாடித் தோட்டம்?

முப்பது சென்டிமீட்டர் ஈர மண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. ஆட்கள் நடமாடும் சாதாரண மாடியை 150 கிலோ சுமைக்குத்தான் கணக்கிடுவார்கள். வரைபடத்திலேயே இல்லாத தோட்டத்தைப் பிறகு ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலில் மெல்லிய மண்ணில் புல் கருகும், அதற்குத் தண்ணீர் லாரி வரும். எனக்கு மாடியில் வெள்ளை ஓடுகளும், தரையில் வேம்பும் புங்கமும் போதும்.

ஈரோடு, குடியிருப்பவர்: எங்கள் வளாகமே பழைய பட்டறை நிலம்தான். கீரை போடலாமா?

உயர்த்திய பாத்தியில், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் போடுங்கள். கீரையும் கிழங்கும்தான் ஈயத்தை அதிகம் ஏற்கும், புழுதியும் அவற்றில் படியும். முருங்கை, எலுமிச்சை போன்றவற்றின் காய்களில் ஆபத்து குறைவு.

கோவை, பறவை ஆர்வலர்: ஆலை வளாகம் முழுக்கக் காடு மண்டியிருக்கிறது. ‘முட்புதர்தானே’ என்று தள்ளிவிடப் போகிறார்கள்.

பெரும்பகுதி சீமைக் கருவேலமாகவும் உண்ணிச்செடியாகவும் இருக்கும், அதில் சண்டை போடாதீர்கள். ஆனால் பார்த்துவிட்டுத் தள்ளச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் எசெக்ஸில் கான்வி விக் என்று ஓர் இடம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காகத் தேம்ஸ் நதி மணலைக் கொட்டிப் பரப்பி, பிறகு கைவிட்ட நிலம். அங்கே அரிய தேனீக்களும் வண்டுகளும் அவ்வளவு பெருகியதால் 2005இல் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். கைவிடப்பட்ட இடம் வெறும் இடம் அல்ல. ஓர் ஆண்டின் இரு பருவங்களில் கணக்கெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் கட்டுநர் கேட்பார்.

பழைய மரங்களுக்கு ஒரு கணக்கு: தண்டின் விட்டத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு ஆரம் வரை வேர் இருக்கும் என்று வைத்து, அதற்குள் தோண்டாமல், லாரி விடாமல் வேலி போட வேண்டும். 60 சென்டிமீட்டர் தண்டுள்ள தூங்குமூஞ்சி மரத்துக்கு 7.2 மீட்டர். மரத்தை வெட்டாமல் வேரை வெட்டிவிட்டு, ‘மரத்தைக் காப்பாற்றினோம்’ என்று விளம்பரம் செய்யும் வளாகங்களை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது கோடையில் பட்டுப்போகும்.

பெரம்பூர் வாசகி: என் தாத்தா பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) ஆலையில் நெசவாளி. இப்போது அங்கே அடுக்குமாடிகள். இப்படிப்பட்ட இடங்களில் எதையாவது விட்டுவைக்க வேண்டாமா அக்கா?

வேண்டும் தங்கையே. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். மால்மோக்காரர்களும் இதில் தோற்றார்கள். 138 மீட்டர் உயரக் கப்பல்தளப் பாரந்தூக்கியைக் கொரியாவின் உல்சான் நகருக்கு விற்றார்கள்; விலை, மறுபடியும் ஒரு டாலர். 2002இல் அது கப்பலேறியபோது கரையில் நின்று அழுதவர்கள் உண்டு.

கட்டுநர்களிடம் நான் கேட்பது பெரும்பாலும் புகைபோக்கியைத்தான். இடித்தால் செங்கல்லுக்குப் பெரிய காசு வராது, விட்டால் இரண்டு கார் நிறுத்தும் இடம்தான் போகும். நாட்டு உழவாரன்களும் கூகையும் அடையும் இடமாகவும் அது இருக்கக்கூடும். இடிக்கும் தேதி குறிக்கும் முன் இரண்டு மூன்று நாள், மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும் வரை அதன் கீழே யாரையாவது உட்காரவைத்து, எத்தனை பறவை உள்ளே போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு நாற்காலியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.