ஊழியம் முடிக்கும் பிள்ளையைக் கூட்டி வரப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான் ஓசூரில் டிக்கெட், விசா வேலை பார்க்கிறவள். என் மகன் பிலிப்பைன்ஸில் ஊழியம், அதாவது சபைக்காக வெளியூர் போய்ப் போதிக்கும் பணி, செய்தான். முடிகிற சமயத்தில் நானும் அவன் அப்பாவும் போய்த்தான் கூட்டி வந்தோம். அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பெற்றோர் என்னிடம் விடாமல் கேட்கிறார்கள். கேட்டவர்களில் பாதிக்கு மேல் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள், ஆகவே அந்தச் சபையின் நடைமுறைதான் இங்கே அதிகம் வரும். மற்ற சபைக்காரர்களின் கேள்விகளும் உண்டு.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அப்பா: பையன் மணிலா பக்கம் ஊழியத்தில் இருக்கிறான். ரெண்டு வருஷம் முடியப் போகிறது. சபையே அனுப்பி வைக்குமா, நாங்கள் போய்க் கூட்டி வரலாமா?

சபையே டிக்கெட் போட்டு நேராக வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். நேராக வராமல் வேறு வழியில், நாலு இடம் பார்த்துவிட்டு வர வேண்டுமென்றால் அப்பா, அம்மா, காப்பாளர் இவர்களில் ஒருவராவது கூட இருக்க வேண்டும். இது சபையின் விதி. உங்கள் எண்ணத்தைப் பையன் தன் மிஷன் பிரசிடென்டிடம் (அங்கே ஊழியக்காரர்களுக்குப் பொறுப்பானவர்) சில மாதம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அங்கே டிக்கெட் போட்ட பிறகு மாற்றச் சொன்னால் எல்லாருக்கும் தலைவலி. உங்கள் செலவும், சுற்றுவதால் கூடும் செலவும் உங்களுடையது.

அதற்கு முன்னால் ஒன்று. பையனிடம் கேட்டீர்களா? 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்கு வீடியோ காலில் பேச அனுமதி இருக்கிறது, கேட்பதற்குச் சிரமமே இல்லை. சில பிள்ளைகளுக்குக் கூட ஊழியம் செய்தவர்களோடு ஒரே விமானத்தில் கிளம்பி வருவதுதான் ஆசையாக இருக்கும். அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ போகாதீர்கள். பெங்களூரு ஏர்போர்ட் வாசலில் நின்று கூட்டி வருவதிலும் ஒரு குறையும் இல்லை.

அதே அப்பா: பிலிப்பைன்ஸுக்கு இப்போது விசா வேண்டாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 2025 ஜூன் 8 முதல் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமல் போகலாம். அந்த 14 நாளை நீட்டிக்க முடியாது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, கையில் பணம் இருப்பதற்கான ஆதாரம் எல்லாம் காட்டத் தயாராக இருங்கள். போய் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ‘ஈடிராவல்’ என்ற அரசுத் தளத்தில் பதிய வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

உங்கள் விஷயம் இவ்வளவு சுலபம், பையனின் விஷயம் அப்படி இல்லை. அவன் இருப்பது வேறு விசாவில். அந்த நாட்டில் நெடுநாள் தங்கிய வெளிநாட்டவர் கிளம்பும்போது குடிவரவுத் துறையின் க்ளியரன்ஸ் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். மிஷன் அலுவலகம் அவன் கிளம்பும் தேதியை வைத்துத்தான் இந்த வேலைகளைப் பார்க்கும். நீங்கள் பாட்டுக்கு ஒரு வாரம் கூட்டினால் அத்தனையும் மாறும். ஆகவே முதலில் அவனுடைய தேதி, அப்புறம் உங்கள் டிக்கெட்.

பென்னாகரம் அம்மா ஒருவர்: நான் எட்டாவதுதான் படித்தேன். பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்று இருக்கிறது. ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்களாமே?

மாட்டார்கள் அம்மா. பத்தாவது தேறாதவர்கள் வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகும்போது ஏமாற்றப்படாமல் இருக்கத்தான், முன்னாலேயே அரசு அனுமதி வாங்கச் சொல்லும் அந்த ஏற்பாடு. சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிலிப்பைன்ஸ் அதில் இல்லை. பட்டியலில் உள்ள நாட்டுக்கே போனாலும் வேலைக்குப் போகாமல் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டின் பிரிண்ட் கையில் இருக்கட்டும். கேட்டால் “மகனைக் கூட்டி வரப் போகிறேன்” என்று தமிழிலேயே சொல்லுங்கள். உங்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால், அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அந்த முத்திரையே வராது.

பாலக்கோடு: எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் வராது. வழியில் விமானம் மாற வேண்டும் என்கிறார்கள்.

சிங்கப்பூர் வழியாகப் போங்கள். அங்கே தமிழும் ஆட்சிமொழி, தமிழில் பேசுகிறவர் யாராவது கிடைப்பார்கள். ஆனால் முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். விலை குறைவு என்று இரண்டு கம்பெனியில் தனித்தனியாக எடுத்தால், நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி போட வெளியே வரச் சொல்லலாம். வெளியே வர சிங்கப்பூர் விசா வேண்டும். அது இல்லை என்றால் பெங்களூரிலேயே ஏற்ற மாட்டார்கள். மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத்தையும் விடுகிற இடம் இதுதான்.

பர்கூர்: மகள் அமெரிக்காவில் ஊழியம் செய்கிறாள். விசாவுக்குச் சிட்டா, அடங்கல் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். போதுமா?

எடுத்துப் போங்கள், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். டிஎஸ்-160 படிவம், 185 டாலர் கட்டணம், கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள். சென்னையில் தமிழிலேயே பதில் சொல்லலாம். பல நேரம் அதிகாரி ஒரு காகிதத்தைக்கூடக் கேட்க மாட்டார். ஏன் போகிறீர்கள், யார் செலவு, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்பதோடு முடிந்துவிடும். “மகள் சபை ஊழியம் முடிக்கிறாள், கூட்டி வரப் போகிறோம், ஊரில் மாந்தோப்பு இருக்கிறது, காய் இறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். சுற்றுலா என்று மட்டும் சொல்லி மகள் அங்கே இருப்பதை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட் கிடைத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்காகலாம். பெண்களுக்கு ஊழியம் 18 மாதம்தான், ஆண்களுக்குப் போல 24 இல்லை. அவள் பாதி முடித்ததுமே விண்ணப்பம் போடுவது நல்லது.

கோவிலூரிலிருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பம்: மகள் உகாண்டாவில் ஒரு மிஷன் பள்ளியில் தன்னார்வப் பணி முடிக்கிறாள்.

விசா ஆன்லைனில் எடுக்கலாம், ஒருமுறை போய்வர 50 டாலர். உங்களுக்கு முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அங்கே இறங்கும்போதும் கேட்பார்கள், திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டிலும் கேட்பார்கள். இல்லாதவரை ஆறு நாள் வரை தனியே வைத்துவிடலாம். மகளின் மஞ்சள் அட்டை (அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ்) பத்திரமாக இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள்.

தேன்கனிக்கோட்டை: என் தம்பி மகன் ‘லோகோஸ் ஹோப்’ என்ற கிறிஸ்தவ ஊழியக் கப்பலில் இருக்கிறான். எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது?

இன்னும் எடுக்காதீர்கள். கப்பல் துறைமுகம் துறைமுகமாகப் போய்க்கொண்டே இருக்கும், கால அட்டவணையும் மாறும். அவன் இறங்குகிற துறைமுகம் உறுதியான பிறகு அந்த நாட்டு விசா கிடைக்குமா என்று பாருங்கள். சிரமம் என்றால் ஊரிலேயே காத்திருங்கள்.

ஓசூர் அம்மா: நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவன் எங்கள் பிள்ளைதானே? போராகாய் கடற்கரைக்குப் போக ஆசை. ஊழிய விதியெல்லாம் முடிந்துவிடும் அல்லவா?

முடியாது. எல்லாரும் தப்பாக நினைக்கிற இடம் இது. ஊர் திரும்பி, தன் ஸ்டேக் பிரசிடென்டை (ஒரு வட்டாரத்துச் சபைகளுக்குத் தலைவர்) பார்த்து, அவர் விடுவிக்கும் வரை அவன் ஊழியக்காரன்தான். நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் அந்த ஒழுங்கு போகாது. சினிமா கிடையாது. கடலில் குளிப்பது, நீச்சல் கிடையாது. போராகாய் போனால் நீங்கள் தண்ணீரில் நிற்பீர்கள், அவன் கரையில் உங்கள் செருப்புக்குக் காவல் இருப்பான். அதற்கு அவ்வளவு செலவா? அப்பா “யாருக்குத் தெரியப் போகிறது, இறங்குடா” என்பார். சொல்லாதீர்கள். ரெண்டு வருஷம் காப்பாற்றியதைக் கடைசி வாரத்தில் நம் கையாலேயே கெடுத்தது போல ஆகிவிடும்.

கடற்கரைக்குப் பதிலாக அவன் வேலை செய்த ஊர்களுக்குப் போங்கள். மிஷன் பிரசிடென்டிடம் சொல்லிவிட்டு, இரண்டு ஊர் போதும். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். வீடு வீடாக அலைந்தால் நாலு குடும்பத்தைப் பார்ப்பீர்கள், ஞாயிறு ஆராதனைக்குப் போனால் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் வந்து உங்கள் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை அது, கையை இழுத்துவிடாதீர்கள். உங்களையும் எழுந்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லலாம். என் வீட்டுக்காரர் ஊரில் கல்யாண வீட்டில்கூட மைக் பக்கம் போகாதவர். அங்கே தமிழில் நாலு வரி பேசினார். மகன் பக்கத்தில் நின்று அவர்கள் பாஷையில் சொன்னான். அவர் பேசியது நாலு வரி, அவன் சொன்னது பத்து வரி இருக்கும். என்ன சேர்த்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

சாப்பாடு பற்றிப் பயப்படாதீர்கள், அங்கேயும் மூணு வேளை சோறுதான். பன்றிக்கறி அதிகம் இருக்கும். சாப்பிட மாட்டீர்கள் என்றால் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அவன் பக்குவமாகச் சொல்லிவிடுவான். தட்டில் வைத்த பிறகு முகம் சுளிப்பதுதான் தப்பு. ஏழை வீடுகளுக்கும் போவீர்கள். பாவமாக இருக்கிறதென்று கையில் பணத்தைத் திணிக்காதீர்கள். இத்தனை நாளும் அவர்கள் உங்கள் பிள்ளைக்குச் சோறு போட்டவர்கள், அந்தக் கணக்கைப் பணத்தால் தீர்த்தால் அவர்களுக்குக் கூச்சமாகிவிடும். கடலை மிட்டாய், நல்ல கதர்த் துண்டு மாதிரி ஏதாவது கொடுங்கள்.

மொத்தம் ஐந்தாறு நாள் போதும். அதற்கு மேல் அவனுக்கும் கஷ்டம். ஊழியக்காரனாகவும் இருக்க வேண்டும், உங்களுக்குப் பிள்ளையாகவும் இருக்க வேண்டும், டாக்சிக்காரனிடம் பேரமும் அவன்தான் பேச வேண்டும்.

கிருஷ்ணகிரி: மாம்பழம் கொண்டு போகலாமா? சீசன் வேறு.

நம் ஊர்க்காரரிடமிருந்து இது வராமல் இருக்குமா! பழம் வேண்டாம், பெரும்பாலான நாடுகளில் பழம், விதை, செடியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அதோடு பிலிப்பைன்ஸே மாம்பழத்துக்குப் பேர்போன நாடு. ஊறுகாய் என்றால் நன்றாக அடைத்துப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் எண்ணெய்ப் பண்டம் என்று எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் கொப்பரை கூடாது, பவர் பேங்க் கூடாது. ராகி மாவு தாராளமாக எடுத்துப் போகலாம். களி கிண்டிக் கொடுங்கள், என் மகன் அழுதுகொண்டே சாப்பிட்டான்.

பெட்டியில் பாதி இடம் காலியாக விடுங்கள், அவன் சாமான் வரும்.

அரூர்: பெண் ஊழியம் முடித்து வருகிறாள். வரும் வழியில் சிங்கப்பூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரே செலவில் முடியும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது வேண்டாம். விடுவிக்கப்படாத ஊழியக்காரியைப் பெண் பார்க்க உட்கார வைக்கப் போகிறீர்கள், அதுவும் அவளுக்கே தெரியாமல். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தூங்கி எழட்டும். ஊழியம் முடித்து வருகிற பிள்ளைகள் முதல் சில வாரம் எதிலும் ஒட்டாமல்தான் இருப்பார்கள். காலையில் எழுந்ததும் யாரைப் பார்க்கப் போவது என்று தெரியாமல் நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள் என்றால் காத்திருப்பார்கள்.

ஊத்தங்கரை: ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது கிருஷ்ணகிரி டோல்கேட்டில் மாலை, பட்டாசு, பிளெக்ஸ் எல்லாம் பையன்கள் ஏற்பாடு செய்கிறார்கள். நடத்தலாமா?

மாலை போடுங்கள். பட்டாசும் பிளெக்ஸும் டோல்கேட்டில் வேண்டாம், போலீஸ் வந்தால் பையன்கள்தான் மாட்டுவார்கள். பிளெக்ஸில் ஊழிய உடையில் பெயர்ப் பட்டையோடு இருக்கும் படத்தைப் போட்டு “வருங்கால” என்று ஆரம்பிக்கும் வரிகளை எழுதினால் அவன் வண்டியைவிட்டே இறங்க மாட்டான்.

உங்கள் ஸ்டேக் பிரசிடென்ட் பெங்களூரில்தான் இருக்கிறார் என்றால், ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஊருக்கு வராமல் வழியில் அவரைப் பார்த்து விடுவிப்பை முடித்துவிட்டு வாருங்கள். முன்னாலேயே நேரம் கேட்டு வைக்க வேண்டும். அது முடிந்தால் அன்று ராத்திரியே அவன் அத்தைமார், சித்தப்பாமாரோடு இஷ்டத்துக்கு உட்கார்ந்து பேசலாம். தேவனஹள்ளியிலிருந்து ஓசூர் வரைக்கும் சாயங்கால நெரிசலில் மாட்டினால் மூணு மணி நேரம்கூட ஆகும், காலையில் இறங்குகிற விமானமாகப் பாருங்கள். வண்டி பெரிதாக எடுங்கள், ஆனால் ஆட்களைக் குறைத்துக் கூட்டிப் போங்கள். பெட்டிக்கும் இடம் வேண்டும்.