சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையவில்லை: ரெசினை மாற்ற வேண்டுமா?

ஐயா, போர்வெல் நீர் 1,400 டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்த உப்பின் அளவு), சாஃப்ட்னரைத் தாண்டியும் அதே 1,400, ஆகவே ரெசின் (சாஃப்ட்னருக்குள் இருக்கும் மணிகள்) போய்விட்டது என்று மெக்கானிக் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சாஃப்ட்னர் நீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ரெசினில் பிடித்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். டிடிஎஸ் மீட்டரை வைத்து ரெசினைச் சோதிப்பது, தராசில் காய்ச்சல் பார்ப்பது போல.

கடினத்தன்மை சோதிக்கும் கிட் வாங்குங்கள். முதல் ஓரிரு சொட்டுகளிலேயே நிறம் நீலமானால் ரெசின் நலம். சிவப்பு மாற நிறையச் சொட்டுகள் தேவைப்பட்டால் கடினத்தன்மை கசிகிறது. அப்போதும் ரெசின் மீது சந்தேகம் கடைசியில்தான். முதலில் உப்புத் தொட்டிக்குள் ஒரு குச்சியை விடுங்கள்: மேலே உப்பு பாறையாக இறுகி, அடியில் வெற்றிடமாக இருக்கலாம். என் வீட்டில் அதுதான் நடந்தது. இரண்டு மாதம் தொட்டி நிறைந்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்து, ரீஜெனரேஷனின்போது, அதாவது உப்புநீர் ரெசினைக் கழுவிப் புதுப்பிக்கும்போது, தொட்டியில் உப்புநீர் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லையென்றால் உப்புநீரை உறிஞ்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம்.

ஆர்ஓ குடிநீர் இயந்திரத்தில் காலை முதல் டம்ளரின் டிடிஎஸ் 180, பிறகு 70 என்கிறீர்கள். இயந்திரம் சும்மா இருக்கும்போது உப்பு, அதைத் தடுக்கும் சவ்வான மெம்பிரேனைக் கடந்து மெல்லக் கசிந்துவிடும். முதல் டம்ளரைக் கொட்டிவிடுங்கள். 1,400 என்பது 70 ஆனால் 95 சதவீத நீக்கம், மெம்பிரேனைத் தொடாதீர்கள்.