பழைய செவர்லே பிக்கப்பில் பெட்ரோல் முள் ஆடினால் எங்கே தேடுவது?

கேள்வி 1978 சி10 வண்டி பற்றியது. டேங்க் பாதிதான், முள் ஃபுல்லைத் தாண்டி நிற்கிறது, குழியில் இறங்கினால் சடாரென விழுகிறது. மீட்டரை மாற்றலாமா?

இப்போதே வேண்டாம். இந்த வயது வண்டியில் முதல் சந்தேகம் டேங்க் எர்த் (டேங்க்கை சேஸி இரும்போடு சேர்க்கும் மின் இணைப்பு) மீதுதான். டேங்க்குள் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் மிதவை யூனிட் காலியில் சுமார் 0 ஓம், ஃபுல்லில் சுமார் 90 ஓம் மின்தடை காட்டும். எர்த் இணைப்பில் துரு ஏறினால் அதன் தடையும் சேர்ந்துகொள்ளும். மீட்டர் அதையும் பெட்ரோல் கணக்கில் எழுதிவிடும். அதனால்தான் பொய்யாக ஏறுகிறது. யூனிட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் சிக்னல் ஒயர் தோல் உரிந்து சேஸியைத் தொட்டாலோ, நேர்மாறாகக் காலி காட்டும்.

யூனிட்டின் எர்த்திலிருந்து சுரண்டிய சேஸி இரும்புக்குத் தனி ஒயர் கொடுங்கள். முள் அடங்கினால் பழைய எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினால் போதும்.

அடங்கவில்லையா? சாவியை ஆன் செய்து சிக்னல் ஒயரைக் கழற்றுங்கள்: முள் ஃபுல்லுக்கு மேல் போக வேண்டும். சேஸியில் தொட்டால் காலிக்கு வர வேண்டும். (பெட்ரோல் வாடை அடித்தால் தொடாதீர்கள்.) இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நலம். நடக்காவிட்டால் டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர் நட்டுகளைப் பாருங்கள்.

மிச்சம் யூனிட்தான். ஒயர் கழற்றிய நிலையில் மல்டிமீட்டர் வைத்து மிதவையை மெல்ல உயர்த்துங்கள். ஓம் சீராக ஏறாமல் நடுவில் தாவினால் உள்ளே தடைக்கம்பி தேய்ந்துவிட்டது. புது யூனிட் 0–90 ஓம்தானா என்று பார்த்து வாங்குங்கள்.