இரண்டும் மருதுதான்

கேள்வி: முதுமலையில் வழிகாட்டி ஒருவர், கன்னங்கரேலென்று வெடித்திருந்த மரத்தைக் காட்டி மருது என்றார். எங்கள் காவிரிக் கரையில் வழவழவென்று வெளுத்து நிற்பதையும் மருது என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, திருவையாறு

பதில்: இருவரும் சொல்வது சரிதான். அவர் காட்டியது கருமருது. உங்கள் கரையில் நிற்பது நீர்மருது. திருவிடைமருதூரின் தலமரமும் இதுவே. இரண்டும் ஒரே பேரினம், ஆனால் பட்டையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கருமருதின் பட்டை நெடுக்கிலும் குறுக்கிலும் ஆழமாக வெடித்து, முதலை முதுகு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். அந்தத் தடிப்புதான் காட்டுத்தீயில் மரத்தைக் காப்பாற்றுகிறது. நீர்மருதோ மேல்பட்டையைத் தகடு தகடாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். உதிர்ந்த இடம் இளஞ்சிவப்போடும், பழைய இடம் சாம்பலாகவும், அடிமரமே திட்டுத் திட்டாகத் தெரியும்.

நம் பக்கத்து மருதுகளில் ஒரு தொல்லை உண்டு. இதய நோய்க்குக் கஷாயம் வைக்கிறேன் என்று ஆளாளுக்குப் பட்டையைச் செதுக்கிவிடுகிறார்கள். (நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை கிடைக்கிறதே, ஐயா!) காயம் ஆறி மூடும் இடம் முண்டும் முடிச்சுமாகி, வேறு மரமோ என்று மயங்க வைக்கும். ஆகவே கைக்கு எட்டாத உயரத்தில் பட்டையைப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அடியில் காய் பொறுக்குங்கள். இரண்டுக்கும் ஐந்து சிறகுண்டு. நீர்மருதில் அவை குறுகி விறைப்பாகவும், கருமருதில் அகன்றும் இருக்கும்.

கேள்வி: கருவேலம், வெள்வேலம், சீமைக் கருவேலம் மூன்றையும் பட்டையால் பிரிக்க முடியுமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: முதல் இரண்டையும் முடியும். கறுத்து நீளவாக்கில் ஆழமாக வெடித்திருந்தால் கருவேலம், வெளிறியிருந்தால் வெள்வேலம். கிழட்டு வெள்வேலத்தின் அடிமரம் கறுத்துச் சொரசொரத்துவிடும், அப்போது மேற்கிளையைப் பாருங்கள். சீமைக் கருவேலத்துக்குப் பட்டை ஆராய்ச்சி எதற்கு? தூரிலிருந்தே நாலைந்து தண்டாகப் புதர் கட்டி வழியை மறிப்பதே அடையாளம்.

கேள்வி: பட்டையைக் கீறினால் மரம் எளிதாகத் தெரிந்துவிடும் என்கிறார் நண்பர்.
– வாசகர், சிதம்பரம்

பதில்: வேங்கையைக் கீறினால் சிவப்பாகக் கசியும், இலுப்பையில் பால் வரும் என்பது மெய்தான். அதற்காக நடைக்குப் போகிறவரெல்லாம் கத்தி எடுத்தால் மரம் என்ன ஆகும்? அதிலும் நீங்கள் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். அங்கே தில்லை மரத்தைக் கீறிவிடாதீர்கள். அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் தெறித்தால் பார்வையையே தற்காலிகமாக மறைத்துவிடும்.