ஹம்பிக்குக் காரில் போகிறீர்களா?

கேள்வி: வேலூரிலிருந்து குடும்பத்தோடு காரில் ஹம்பி போகிறோம். கையில் நான்கு நாள். எப்படித் திட்டமிடலாம்?

- வாசகி, வேலூர்

பதில்: போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும்; சுமார் 550 கி.மீ. விடியுமுன் கிளம்புங்கள். பெங்களூரு நகருக்குள் நுழையாமல், எலெக்ட்ரானிக் சிட்டி அருகே, நகரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு ஏறி தும்கூர் சாலையைப் பிடியுங்கள். பிறகு சித்ரதுர்கா, ஹொஸ்பேட். தங்க ஹொஸ்பேட்தான் வசதி. ஹம்பி அங்கிருந்து 13 கி.மீ.

பலரும் விட்டலர் கோயிலை மாலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கோயிலுக்கு வாங்கும் டிக்கெட்டிலேயே தாமரை மஹால் என்ற அரண்மனைக் கட்டடத்தையும் பார்க்கலாம், ஆனால் அன்று ஒரு நாள்தான் செல்லும். ஆகவே காலையில் முதல் வேலையாக விட்டலர் கோயில். கார் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அங்கிருந்து கோயிலுக்குப் போகும் பேட்டரி வண்டிக்கு வரிசை நீளுமுன் போய்விடுங்கள். கல் தேரைச் சுற்றி வந்து அடிப்பீடத்துப் புடைப்புச் சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள், அவசரமே வேண்டாம். இசைத் தூண்களைத் தட்ட அனுமதி இல்லை.

மறுநாள் விரூபாட்சர் கோயில். வழிபாடு நடக்கும் கோயில், செருப்பைக் கழற்ற வேண்டும்; வெயில் ஏறினால் கல்தரை சுடும், குழந்தைகளுக்குக் காலுறை போடுங்கள். கருவறைக்குப் பின்புறம் இருட்டறைச் சுவரில் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுவதைத் தவறவிடாதீர்கள். சிறு துளை வழியே வரும் ஒளிதான் காரணம்.